பள்ளிக்கூடம் கேட்ட பண்டிதர்

சென்னை பெசன்ட் நகரில் ஆல்காட் நினைவுப் பள்ளி இருக்கிறது. ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லாமல் கல்வி தரும் பள்ளி. 1894-இல் தொடங்கியது. பெயர்ப்பலகையில் இருப்பது அமெரிக்கரான கர்னல் ஆல்காட்டின் பெயர். ஆனால் அந்தப் பள்ளி வேண்டும் என்று அவரிடம் போய்க் கேட்டவர் நம்மவர், அயோத்திதாசப் பண்டிதர்.

பண்டிதர் பிறந்தது 1845 மே 20-இல், சென்னையில். பெற்றோர் வைத்த பெயர் காத்தவராயன். தமிழும் சித்த மருத்துவமும் கற்றுக்கொடுத்த ஆசிரியர் அயோத்திதாசக் கவிராஜரின் பெயரையே பிற்பாடு தனக்குச் சூட்டிக்கொண்டார். அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஹாரிங்டன் என்ற ஆங்கிலேயரிடம் வேலை பார்த்தவர். வீட்டில் பாதுகாத்து வைத்திருந்த திருக்குறள் சுவடியை அவர்தான் எல்லிஸ் துரைக்குக் கிடைக்கும்படி செய்தார் என்பதைப் பண்டிதரே பதிவு செய்திருக்கிறார். படிப்பே அறியாத கூட்டம் என்று நம்மைச் சொன்ன காலத்தில், சேரி வீட்டில் குறள் சுவடி இருந்திருக்கிறது. பள்ளிப் பாடத்தில் இது வந்தால் நன்றாக இருக்கும்.

அவர் இளமையில் நீலகிரியில் வாழ்ந்தார். 1891-இல் அங்கே திராவிட மகாஜன சபையைத் தொடங்கி மாநாடு கூட்டினார். பத்துத் தீர்மானங்கள் போட்டார்கள். நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்பதும் அவற்றில் உண்டு. அடுத்த ஆண்டு, 1892-இல், சென்னை மகாஜன சபைக் கூட்டத்துக்கு நீலகிரிப் பிரதிநிதியாக வந்தார். படித்தவர்களும் வக்கீல்களும் நிறைந்த சபை அது. அவர் எழுந்து, எங்கள் மக்களைச் சிவன் கோயிலிலும் பெருமாள் கோயிலிலும் ஏன் விடுவதில்லை என்று கேட்டார். சபை கொதித்துவிட்டது. தஞ்சாவூரிலிருந்து வந்த ஒரு பிரதிநிதி, உங்கள் சாதிக்கு வேறு சாமிகள் இருக்கின்றனவே என்றார். அப்படியானால் உங்கள் சாமி எங்களுக்கு வேண்டாம், எங்கள் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்பு வரை இலவசப் படிப்பும், கிராமங்களில் தரிசாகக் கிடக்கும் நிலமும் வாங்கித் தாருங்கள் என்று பண்டிதர் திருப்பிக் கேட்டார். இதற்கு சபை இணங்கியது.

நான்காம் வகுப்புதானா என்று இன்றைய மாணவர்களுக்குத் தோன்றும். அன்று அதுவே பெரிய கேள்வி. நம் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எல்லாம் அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தன. அந்த மாவட்டத்தின் கலெக்டர் திரமென்ஹீர் சேரி மக்களின் நிலையை நேரில் பார்த்து அரசுக்கு அறிக்கை எழுதியதும் அதே காலத்தில்தான். பண்ணையடிமை வாழ்க்கை, சொந்தமாக நிலமில்லை, குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை, பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை. அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் வந்த அரசாணையைத்தான் இன்று பஞ்சமி நில ஆணை என்கிறோம். நிலமும் கல்வியும் ஒரே ஆண்டில் ஒன்றாகப் பேசப்பட்டன. நிலத்தின் கதை வேறு, அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

அரசு அசைகிற வேகத்தை நம்பிப் பண்டிதர் உட்கார்ந்திருக்கவில்லை. அடையாற்றில் பிரம்மஞான சபையை நடத்திவந்த ஆல்காட்டைப் பிடித்தார். 1894-இல் ஊரூர் குப்பத்தை ஒட்டி முதல் பள்ளி எழுந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் என்று பள்ளிகள் பெருகின. 1898-இல் பண்டிதர் ஆல்காட்டுடன் இலங்கைக்குப் போய்ப் பஞ்சசீலம் பெற்றார். திரும்பி வந்து ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907-இல் ‘ஒரு பைசா தமிழன்’ வார இதழைத் தொடங்கி, 1914 மே 5-இல் கண்மூடும் வரை நடத்தினார். விலை காலணா, மறு ஆண்டிலேயே இதழின் பெயர் ‘தமிழன்’ என்றானது.

ஆல்காட் மீது மதிப்பு இருந்தும் ஒரு விஷயத்தில் பண்டிதர் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தப் பள்ளிகளுக்குப் ‘பஞ்சமர் பள்ளி’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். நான்கு வருணத்துக்கு வெளியே ஐந்தாவதாக நிற்பவன் என்பது அதன் பொருள். படிக்க வரும் குழந்தையின் மீது வாசலிலேயே அந்த முத்திரையைக் குத்துவதா என்பது அவர் கேள்வி. உதவி செய்கிறவர்கள் மனம் கோணக்கூடாதே என்று அவர் பேசாமல் இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. அன்றைய தொழிலாளர் துறை நமக்காகத் திறந்த பள்ளிகள்தான் இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள். நாங்குநேரி மாணவர் மீதான தாக்குதலுக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் கூடாது என்று 2024-இல் பரிந்துரைத்தது. பலகையை மாற்றினால் நமக்கென்று உள்ள ஒதுக்கீடும் நிதியும் கரைந்துவிடுமோ என்று நம்மிலேயே பலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. நிதிக்கு எழுத்தில் உறுதி வாங்கிக்கொண்டு பெயரை மாற்றலாம் என்பது நம் கருத்து.

பெசன்ட் நகர்ப் பள்ளியின் பெயரில் இப்போது பஞ்சமர் என்ற சொல் கிடையாது. கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் 2023-இல் பண்டிதருக்கு மணிமண்டபம் திறந்தார்கள். ஆவடியிலிருந்தோ பூந்தமல்லியிலிருந்தோ காலையில் கிளம்பும் மாணவர்கள் அதைப் பார்த்துவிட்டு, அப்படியே பெசன்ட் நகருக்கும் ஒரு நடை போய்வரலாம்.