புகைபோக்கிக்கும் மூளையைச் செலவழித்தவர்

பெஞ்சமின் பிராங்க்ளின் என்றதும் நமக்கெல்லாம் இடிதாங்கிதான் ஞாபகம் வரும். அவர் புகைபோக்கிக் கரிக்கும் மண்டையை உடைத்துக்கொண்டவர் என்பது பலருக்குத் தெரியாது.

1706-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் பிறந்தார். அப்பா மெழுகுவர்த்தி, சோப்பு செய்து விற்றவர். மொத்தம் 17 பிள்ளைகள்! பள்ளிக்கூடம் போனது இரண்டே வருஷம். 12 வயதில் அண்ணனுடைய அச்சகத்தில் வேலை. மற்றதெல்லாம் தானாகப் படித்தது.

1723-இல் பிலடெல்பியா போனார். அது குளிர் ஊர். வீட்டுக்கு வீடு விறகு எரியும். ஈர விறகு காற்றில்லாமல் புகைந்தால், எரியாத தார் ஆவி மேலே ஏறி, குளிர்ந்த சுவரில் பட்டுப் பிசினாக ஒட்டிக்கொள்ளும். இன்றைக்கு அதன் பெயர் கிரியோசோட். ஒருநாள் அதுவே தீப்பிடித்தால் வீடே போச்சு!

1735-இல் பிராங்க்ளின் தன் பத்திரிகையில் ஒரு யோசனை எழுதினார். புகைபோக்கி சுத்தம் செய்பவருக்கு லைசென்ஸ் தர வேண்டும். சுத்தம் செய்து 15 நாளுக்குள் தீப்பிடித்தால் அபராதம் அவருடையது. மறுவருஷமே தீயணைப்புக் குழு ஒன்றையும் தொடங்கினார்.

1740-களில் குறைந்த விறகில் அதிகச் சூடு தரும் இரும்பு அடுப்பைச் செய்தார். பேட்டன்ட் தர கவர்னர் முன்வந்தும் வேண்டாமென்றார். ஆனால் அதில் ஒரு குறை. புகை கீழே இறங்கி மறுபடி ஏற வேண்டும். குளிர்ந்த புகை சரியாக ஏறவில்லை. பின்னால் வந்தவர்கள் அந்தச் சுற்றுவழியை எடுத்துவிட்டார்கள்.

இன்றைய விதியும் சுலபம்தான். விறகில் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்கணும். காற்று தாராளமாகக் கிடைத்து நெருப்பு நன்றாக எரியணும். வருஷம் ஒருமுறையாவது கரியைச் சுரண்டி எடுக்கணும்.

மெயின்டனன்ஸ் வேலை என்றால் நம்ம பசங்க இளக்காரமாகப் பார்க்கிறார்கள். எங்கப்பா ரைஸ்மில்லில் பாய்லர் கரி தட்டுகிறவர். எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அவர் கை ஓய்ந்தால் பாய்லர் ஓடாது என்பது தெர்மல் பாடம் படித்த பிறகுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

1790-இல் பிராங்க்ளின் மறைந்தார். உலகமே கொண்டாடிய அந்த மேதை கரியைக் கேவலமாக நினைக்கவில்லை. நாமும் நினைக்க வேண்டாம், தோழர்களே!