தபால் பொதியில் தொடங்கிய வாசன்

எஸ்.எஸ்.வாசன் என்றால் ஆனந்த விகடன், ஜெமினி ஸ்டூடியோ, 'சந்திரலேகா' என்றுதான் எங்கள் மூத்தவர்கள் சொல்வார்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னர் அவர் தபால்வழி வியாபாரியாக இருந்தார் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். இன்று முகநூலில் படம் போட்டு, ஓடர் எடுத்து, பொதி அனுப்பி, காசுக்குக் காத்திருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அவருடைய வாழ்க்கையின் அந்தப் பகுதிதான் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

திருத்துறைப்பூண்டியில் 1904 ஜனவரி 4ஆம் திகதி பிறந்தவர். இயற்பெயர் ஸ்ரீநிவாசன். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். தாயார் அவரைச் சென்னைக்குக் கூட்டிவந்து படிக்க வைத்தார். ஆனால் படிப்பை முடிக்காமல் விளம்பரத் தொழிலில் இறங்கினார். பத்திரிகைகளுக்கு விளம்பரம் பிடித்துக் கொடுப்பதும், சாமான்களைத் தபாலில் அனுப்பி விற்பதும் அவருடைய தொழிலாயின. கையில் முதல் இல்லாத இளைஞருக்குக் கடை தேவைப்படாத வியாபாரம் அது.

அந்த வியாபாரத்தின் முதுகெலும்பு வி.பி.பி. இந்தியத் தபால் துறை 1877இல் தொடங்கிய முறை. விற்பவர் பொதியைத் தபாற்கந்தோரில் கொடுப்பார். தபாற்காரர் வாங்குபவரின் வாசலில் காசை வாங்கிக்கொண்டு பொதியைக் கொடுப்பார். அந்தக் காசு மணியோடராக விற்றவருக்குப் போய்ச் சேரும். முன்பின் தெரியாத இருவருக்கு நடுவே தபாற்காரர் பிணை நின்றார். பொருள் கிடைத்த பின் காசு என்று இன்று நாங்கள் செய்வதும் இதைத்தான்.

அதில் ஓர் ஓட்டையும் இருந்தது. வாசலில் வைத்து வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் பொதி திரும்பிவிடும். செலவு அனுப்பியவரின் தலையில். உரும்பிராயில் வீட்டு முன்னறையிலிருந்து மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் அனுப்பும் எனக்கு இந்த வலி தெரியும். கொழும்புக்குப் போன பொதி இரண்டு கிழமை கழித்து, மூலை நசுங்கி, பலாலி வீதியால் திரும்பி வரும். போன கூலி என்னுடையது. உள்ளே இருந்த சாமானை இன்னொருவருக்கு அனுப்பவும் மனம் வராது.

வாசன் 1928இல் எடுத்த முடிவை இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். பூதூர் வைத்தியநாதையர் 1926இல் தொடங்கிய ஆனந்த விகடன் அப்போது தள்ளாடிக்கொண்டிருந்தது. எழுத்துக்கு 25 ரூபாய் வீதம் எட்டு எழுத்துக்கு 200 ரூபாய் கொடுத்துப் பெயரை வாங்கினார் என்று இன்றும் கதையாகச் சொல்வார்கள். அந்தப் பெயரோடு அவருக்குக் கிடைத்தது, திரும்பத் திரும்ப அதே வாசலைத் தட்டும் ஒரு பொதி. சஞ்சிகைக்கு நிறை ஒன்று, அளவு ஒன்று, நாளும் ஒன்று. சந்தாக் காசு முன்கூட்டியே வந்துவிடும். ஒருமுறை வாங்கிவிட்டு மறைந்துபோகும் வாடிக்கையாளரை, அடுத்த இதழுக்குக் காத்திருக்கும் வாசகராக மாற்றினார்.

அந்தக் காத்திருப்பைக் கட்டிக் காக்கவும் அவருக்குத் தெரிந்திருந்தது. குறுக்கெழுத்துப் போட்டி வைத்தார். கல்கியை ஆசிரியர் குழுவுக்குக் கொண்டுவந்தார். தானே எழுதிய 'சதிலீலாவதி' தொடர்கதை 1936இல் படமானது. எம்.ஜி.ஆர். முதன்முதலில் நடித்த படம் அதுதான்.

விகடன் கடல் கடந்தும் வந்தது. 1914இல் தொடங்கிய தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பல், இரண்டு பக்கத்து ரயில்களையும் இணைத்தது. சென்னைத் தபால் யாழ்ப்பாணம் வர அது நல்ல வழி. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. 1970களின் தொடக்கத்தில் தமிழகச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்கு இலங்கை அரசு கட்டுப்பாடு போட்டது. வாசகர் இருந்தார்கள், சஞ்சிகை இருந்தது, நடுவே வழி இல்லை. பொதி அனுப்புபவருக்கு இதைவிடக் கொடியது வேறில்லை.

படத்துறையிலும் வாசன் பழைய தபால் வியாபாரியாகவே இருந்தார். 1948இல் வெளியான 'சந்திரலேகா' பெரும் செலவு விழுங்கிய படம். தமிழில் மட்டும் ஓடினால் போட்ட முதல் திரும்பாது என்று கண்டதும் ஹிந்தியிலும் எடுத்து, அதே ஆண்டில் வட இந்தியா முழுவதும் அனுப்பினார். தென்னிந்தியப் படம் ஒன்று அந்த அளவுக்கு வடக்கே போனது அதுவே முதல் தடவை. எங்கும் அவருடைய விளம்பரம் முன்னால் போனது. படச்சுருள் பின்னால் போனது. கேட்க வைத்த பிறகே பொருளை அனுப்புவது அவர் பொதி கட்டிய நாளிலேயே பழகிய பாடம் என்பது என் எண்ணம்.

1969 ஓகஸ்ட் 26இல் அவர் காலமானார். அதே ஆண்டுதான் பத்மபூஷண் விருதும் கிடைத்திருந்தது.

எங்கள் ஊர்களில் இன்று எத்தனையோ பெண்கள் வீட்டிலிருந்தே பொதி அனுப்பிப் பிழைக்கிறார்கள். கூரியர் வேகம் கூடிவிட்டது, ஓடர் கைபேசியில் வருகிறது. பொதி திரும்பும் நட்டம் மட்டும் மாறவில்லை. அதற்கு வாசன் கண்ட வழி மலிவானது: புது ஆளைத் தேடி ஓடுவதைவிட, ஒருமுறை வாங்கியவரை அடுத்த மாதமும் எதிர்பார்க்க வைப்பது. சொன்ன நாளில், சொன்ன சாமானை அனுப்பினால் அது நடக்கும்.