வியாதியஸ்தரின் ஊழியர் அர்ச். கமில்லுஸ்



ஜூலை 14-ந் தேதி அர்ச். கமில்லுஸ் திருநாள். ஆஸ்பத்திரிகளுக்கும் நர்சுகளுக்கும் பாதுகாவலரான இவர் பிறவியிலேயே பெரிய பக்திமான் என்று எண்ணிவிடாதீர்கள். 1550-ல் இத்தாலி தேசத்தில் புக்கியானிக்கோ என்னும் ஊரில் பிறந்தார், பட்டாளத்தில் சேர்ந்தார், சூதாட்டத்தில் கையிலிருந்த யாவையும் தோற்றார். காலிலோ ஆறாத புண். அதற்கு வைத்தியம் செய்துகொள்ள உரோமாபுரியில் அர்ச். யாகப்பர் ஆஸ்பத்திரிக்கு வந்தவர், அங்கேயே ஊழியரானார். சூதாட்டத்தின் நிமித்தம் வெளியே தள்ளவும்பட்டார். 1575-ல் மனந்திரும்பிக் கப்புச்சின் மடத்தில் சேர ஆசைப்பட்டார். புண் இடங்கொடுக்கவில்லை. மறுபடியும் அதே ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தார்!

இம்முறை அங்கே நடப்பதைக் கவனித்துப் பார்த்தார். கூலிக்கு வந்த ஊழியர் பலர் நோயாளியை ஒரு சுமையாக எண்ணினார்கள். தாமும் அப்படிப் படுத்துக்கிடந்தவரல்லவா? தாய் தன் ஒரே பிள்ளையின் நோயில் காட்டும் அன்போடு பணிசெய்ய ஆட்கள் வேண்டுமென்று சிலரைக் கூட்டிச் சேர்த்தார். 1584-ல் குருப்பட்டம் பெற்றார். நல்ல காற்று, அவரவர் நோய்க்கு ஏற்ற ஆகாரம், தொற்றுநோயாளருக்குத் தனி இடம் ஆகியவற்றை இவருடைய சபையார் வற்புறுத்தினார்கள். இவை அந்நாளில் சாதாரண காரியமல்ல.

இன்னொன்று கேளுங்கள். உயிர் போகுமுன்னே சிலரை அடக்கம் செய்துவிடுகிறார்கள் என்று கமில்லுஸ் கண்டார். ஆகவே, மூச்சு நின்றதாகத் தோன்றியபின்னும் கால்மணி நேரம் அருகிலிருந்து செபிக்க வேண்டும், அவசரப்பட்டு முகத்தை மூடக்கூடாது என்று தம்மவருக்குக் கட்டளையிட்டார். 2020-ம், 2021-ம் ஆண்டுகளில் கொரோனாவால் வீட்டார் முகம் காணாமலே கண்மூடியவர்களை நினைக்கும்போது, அந்தக் கால்மணி நேரம் எவ்வளவு பெரிதென்று உங்களுக்கே விளங்கும்.

1588-ல் நேப்பிள்ஸ் நகரில் ஒரு மடம் ஏற்பட்டது. கொள்ளைநோய் கண்ட கப்பல்கள் அங்கே வந்தபோது, துறைமுகத்துக்குள் விட அதிகாரிகள் மறுத்தார்கள். கமில்லுஸின் சகோதரர்கள் தாங்களே கப்பலேறிப் போய் நோயாளிகளைக் கவனித்தார்கள். இருவர் அந்நோயிலேயே மரித்தார்கள். 1591-ல் பாப்பரசர் 14-ம் கிரகோரியார் இச்சபையைத் துறவற சபையாக உயர்த்தினார். உயிருக்கு ஆபத்து வந்தாலும் வியாதியஸ்தரைக் கைவிடுவதில்லை என்பது அவர்களுடைய நாலாவது வார்த்தைப்பாடு.

கமில்லுஸின் கால்புண் கடைசிவரை ஆறவில்லை. நிற்க முடியாத நாட்களில், இரவில் கட்டிலைவிட்டு இறங்கி, ஒவ்வொரு நோயாளியின் படுக்கையண்டையும் தவழ்ந்துபோய், ஏதாவது வேண்டுமாவென்று விசாரிப்பார். 1614 ஜூலை 14-ந் தேதி உரோமாபுரியில் மரித்தார்.