மைக்கல் பரடே: பெண்பிள்ளைகளுக்கான நூலில் விஞ்ஞானம் கற்றவர்

சாதாரண தர வகுப்பில் மின்காந்தத் தூண்டல் படித்த எவரும் மைக்கல் பரடேயின் பெயரை மறந்திருக்கமாட்டார்கள். ஆனால் பெண்கள் பாடசாலையொன்றின் பழைய மாணவியர் அறிந்திருக்கவேண்டிய ஒரு செய்தி அவர் வாழ்க்கையில் உண்டு. அது பரீட்சைக்கு வருவதில்லை.

1791 செப்டெம்பர் 22 அன்று, இலண்டனின் தென்புறத்தில், நோயாளியான ஓர் இரும்புக் கொல்லரின் நான்கு பிள்ளைகளுள் மூன்றாமவராகப் பரடே பிறந்தார். தானிய விலை ஏறியிருந்த 1801ஆம் ஆண்டில், ஒரு வாரத்துக்கு ஒரு பாண் என்ற கணக்கில் அந்தச் சிறுவனுக்கு உணவு அளந்து கொடுக்கப்பட்டது. எழுத்தும் வாசிப்பும் சிறிது கணக்கும் தவிர வேறு படிப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. 13 வயதில் ஜோர்ஜ் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு முதல் ஏழு ஆண்டுகள் அங்கேயே புத்தகம் கட்டும் தொழில் பழகினார்.

கட்டுவதற்கு வந்த புத்தகங்களை அவர் வாசிக்கத் தொடங்கினார். பிரித்தானியக் கலைக்களஞ்சியத்தில் இருந்த மின்சாரம் பற்றிய கட்டுரை ஒன்று. ஜேன் மார்செட் என்ற பெண்மணி எழுதிய இரசாயனவியல் உரையாடல்கள் என்ற நூல் மற்றொன்று. ஓர் ஆசிரியையும் எமிலி, கரோலின் என்ற இரு மாணவிகளும் கேள்வியும் பதிலுமாகப் பேசிக்கொள்வதாக அந்நூல் அமைந்திருந்தது. உயர்கல்வியின் கதவுகள் பெண்களுக்கு மூடியிருந்த காலம் அது. முதற் பதிப்பில் ஆசிரியரின் பெயர்கூட இருக்கவில்லை. பெண்களுக்கு விளங்கட்டும் என்று எளிமையாக எழுதப்பட்ட அந்த நூல், பாடசாலைப் படிப்பில்லாத அந்த இளைஞனுக்கும் விளங்கியது. அதில் சொன்னவற்றைச் சிறு பரிசோதனைகளாகச் செய்துபார்த்துச் சரியென்று கண்டபின்பே அவர் நம்பினார்.

1812இல் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், றோயல் நிறுவனத்தில் ஹம்ப்ரி டேவி ஆற்றிய விரிவுரைகளுக்கு அனுமதிச்சீட்டுக் கொடுத்தார். பரடே கேட்டவற்றைக் குறிப்பெடுத்து, தம் கையாலேயே புத்தகமாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். 1813 மார்ச்சில் அங்கே உதவியாளர் வேலை கிடைத்தது. தொடர்ந்து ஐரோப்பியப் பயணத்தில் டேவியின் மனைவி அவரை வேலைக்காரனைப்போல நடத்தியபோதும், அவர் கற்பதை விடவில்லை.

மின்சாரம் காந்த ஊசியை அசைக்கும் என்பது 1820இல் தெரியவந்தது. அப்படியானால் காந்தத்திலிருந்து மின்சாரம் பெறமுடியாதா என்ற கேள்வி பரடேயைப் பல ஆண்டுகள் விடாமல் தொடர்ந்தது. 1831 அக்டோபர் 17 அன்று கம்பிச்சுருள் ஒன்றினுள் ஒரு காந்தச் சட்டத்தைச் சட்டெனத் தள்ளினார். கல்வனோமானியின் முள் அசைந்தது. காந்தம் உள்ளே அசையாதிருந்தபோது முள்ளும் பழைய இடத்துக்கு வந்து நின்றது. வெளியே இழுத்தபோது எதிர்ப்பக்கம் அசைந்தது. காந்தம் வலிமையாக இருந்தால் மட்டும் போதாது, அது அசையவேண்டும் என்பதே அவர் கண்ட உண்மை. அதே மாதம் 28ஆந் திகதி, பெரிய காந்தமொன்றின் முனைகளுக்கிடையே செப்புத் தட்டொன்றைச் சுழற்றித் தொடர்ந்து மின்னோட்டம் பெற்றார். உலகின் முதல் மின்பிறப்பாக்கி மனிதக் கையால் சுற்றப்பட்டதே.

கையால் இயங்கும் கருவிகள் பல இன்றும் அந்த வழியில்தான் வேலை செய்கின்றன. குலுக்கி எரிக்கும் ரோச் லைட்டில் காந்தம் ஒன்று சுருளினூடாக முன்னும் பின்னும் ஓடுகிறது. கைப்பிடியைச் சுற்றி மணியடிக்கும் பழைய தொலைபேசியில் காந்தங்களுக்கிடையே சுருள் சுழல்கிறது. துவிச்சக்கரவண்டித் தைனமோவிலோ டயரில் உரசும் சிறு சில்லு காந்தத்தைச் சுழற்றுகிறது. பசறைப் பாதையின் ஏற்றத்தில் மங்கும் வெளிச்சம் இறக்கத்தில் பிரகாசிப்பதற்குக் காரணம், வேகமாக அசையும் காந்தம் கூடிய மின்னழுத்தம் தருவதே. விளக்கை இணைத்தவுடன் கைப்பிடி கனப்பதையும் கவனித்திருப்பீர்கள். வெளிச்சம் சும்மா வருவதில்லை. கையின் உழைப்பே அவ்வாறு மாறுகிறது. கைக்குப் பதிலாக மலையருவி சுற்றினால் அது நீர்மின்சாரம். ஊவாத் தோட்டத் தொழிற்சாலைகளில் கொழுந்தை வாட்டும் விசிறிகளும் மின்சாரத்தால் ஓடுகின்றன.

நம் தீவில் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் வர்த்தக ரீதியாகத் தேயிலை பயிரிட்ட 1867ஆம் ஆண்டிலேயே, ஓகஸ்ட் 25 அன்று, பரடே காலமானார். தொழிற்சாலைக்கு மின்சாரம் வந்தபின்னரும் பக்கத்து லயங்களில் பிள்ளைகள் நெடுங்காலம் குப்பி விளக்கில்தான் படித்தார்கள் என்பதை நம்மில் பலர் அறிவோம்.

புகழ் வந்தபின் பரடே சேர் பட்டத்தையும் றோயல் சங்கத் தலைமையையும் வேண்டாமென்றார். சிறுவர்களுக்கான நத்தார்கால விஞ்ஞான விரிவுரைகளை மட்டும் விருப்பத்தோடு பல ஆண்டுகள் நடத்தினார். ஒரு மெழுகுவர்த்தியை வைத்தே இரசாயனவியலை விளக்கிய விரிவுரைகள் அவற்றுள் புகழ்பெற்றவை. கணிதம் அவருக்குக் கைவரவில்லை. அவர் படமாகக் கண்ட விசைக்கோடுகளை மக்ஸ்வெல் பின்னர் சமன்பாடுகளாக்கினார். ஜேன் மார்செட்டை அவர் மறக்கவில்லை. தம்முடைய முதல் ஆசிரியை என நன்றியோடு நினைத்து, தம் ஆய்வுக் கட்டுரைகளை அவருக்கு அனுப்பிவந்தார்.

தோட்டப் பாடசாலைகளிலிருந்து உயர்தர விஞ்ஞானப் பிரிவுக்குச் செல்லும் பிள்ளைகள் இன்றும் குறைவு. நம் சங்கத்தில் ஆசிரியைகளும் வைத்தியர்களும் பொறியியலாளர்களும் இருக்கிறார்கள். விளங்கும் தமிழில் ஒரு விஞ்ஞான நூலை எழுதவோ, வீட்டில் தூசு படிந்து கிடக்கும் நூல்களை மூட்டைகட்டிப் பதுளைக்கு அனுப்பவோ நம்மால் முடியும். அதை எந்த லயத்துப் பிள்ளை எடுத்து வாசிக்கும் என்று நமக்குத் தெரியவேண்டியதில்லை. மார்செட்டும் தம் நூலை எழுதியபோது, ஒரு புத்தகக் கடைப் பையன் அதை வாசிப்பான் என்று அறிந்திருக்கவில்லை.