மில் தொழிலாளி வெச்ச ஜிம்... எம்.ஜி.ஆர் படத் தயாரிப்பாளரான சாண்டோ சின்னப்பா தேவர்!

கையில் காசில்லாமல் ஜிம் ஆரம்பிக்க முடியுமானு யோசிக்கிறீங்களா? சின்னப்பா தேவர் கதையைப் படிங்க.

1915-ல் கோவை ராமநாதபுரத்தில் பிறந்தவர். வறுமையால் அஞ்சாம் வகுப்போடு படிப்பு நின்னுபோச்சு. பங்கஜா மில்லில் மாசம் 9 ரூபாய் சம்பளம். பிறகு பால் வியாபாரம், சோடா கம்பெனினு பல தொழில்களில் இறங்கினார். எந்த வேலை பார்த்தாலும் உடற்பயிற்சியை மட்டும் விடலை. தனியாக ஜிம் வைக்க வசதி ஏது? நண்பர்களைக் கூட்டுச் சேர்த்தார். உருவானது, வீர மாருதி தேகப்பயிற்சி சாலை. கட்டுமஸ்தான உடம்பைப் பார்த்து, உலகப் புகழ்பெற்ற பயில்வான் யூஜின் சாண்டோவின் பெயரை இவருக்கும் பட்டமாக்கிட்டாங்க.

அப்போ கோவையில் சினிமா வாய்ப்புக்காகப் போராடிக்கொண்டிருந்தார் எம்.ஜி.ஆர். உடற்பயிற்சி ஆர்வம் இருவரையும் நண்பர்களாக்கியது. 1947-ல் எம்.ஜி.ஆர் முதன்முதலாக ஹீரோவான ‘ராஜகுமாரி’யில், அவரோடு மோதும் பயில்வானாக வந்தார் தேவர்.

1956-ல் தேவர் ஃபிலிம்ஸ் பிறந்தது. முதல் படம் ‘தாய்க்குப்பின் தாரம்’. ஹீரோ, அதே எம்.ஜி.ஆர்! அடுத்தடுத்து படங்கள், 1971-ல் ராஜேஷ் கன்னாவை வெச்சு இந்தியில் ‘ஹாத்தி மேரே சாத்தி’ எனக் கொடி நாட்டினார்.

எவ்வளவோ உயரத்துக்குப் போனாலும், 1978-ல் மறையும்வரை பெயருக்கு முன்னால் இருந்த அந்த ‘சாண்டோ’வை மட்டும் அவர் கழற்றவே இல்லை!