ஜோன் ஸ்னோ (1813 – 1858)

இங்கிலாந்தின் யோர்க் நகரில் 1813 மார்ச் 15 ஆம் திகதி ஜோன் ஸ்னோ பிறந்தார். கூலித் தொழிலாளி ஒருவரின் ஒன்பது பிள்ளைகளுள் இவரே மூத்தவர். பதினான்கு வயதில் நியூகாசிலில் வைத்தியர் ஒருவரிடம் பயிலுநராகச் சேர்ந்தார். 1831 இல் அப்பகுதியில் வாந்திபேதி (கொலரா) பரவியபோது நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருக்குச் சிகிச்சையளித்தார். பின்னர் இலண்டன் சென்று 1844 இல் உயர் மருத்துவப் பட்டம் பெற்றார். 1853 இல் விக்டோரியா மகாராணியின் பிரசவத்தின்போது குளோரோபோம் கொடுத்தவரும் இவரே.

அக்காலத்தில் துர்நாற்றமுள்ள காற்றினாலேயே வாந்திபேதி பரவுகிறது எனப் பலரும் நம்பினர். ஸ்னோ இதனை ஏற்கவில்லை. காற்றினால் வரும் நோயாயின் முதலில் சுவாசப்பையையே தாக்க வேண்டும். இதுவோ குடலைத் தாக்குகிறது. எனவே நோயாளியின் மலம் கலந்த நீரினாலேயே இது பரவுகிறது என 1849 இல் எழுதினார். வைத்தியர்களுட் பெரும்பாலானோர் இதனைப் பொருட்படுத்தவில்லை.

1854 ஆகஸ்ட் இறுதியில் இலண்டனின் சோகோ பகுதியில் வாந்திபேதி வெடித்தது. பத்து நாட்களில் 500 இற்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஸ்னோ வீடு வீடாக விசாரித்து, இறந்தோரின் இருப்பிடங்களை வரைபடத்திற் குறித்தார். மரணங்கள் புறோட் வீதி நீர்ப்பம்பியைச் சுற்றியே குவிந்திருந்தன.

விதிவிலக்குகளையும் அவர் ஆராய்ந்தார். அருகிலிருந்த வறியோர் இல்லத்தில் 535 பேருள் ஐவரே இறந்தனர். அவ்வில்லத்திற்குச் சொந்தக் கிணறு இருந்தது. பல மைல் தொலைவில் ஒரு விதவை இறந்தார். சுவைக்காக அப்பம்பியின் நீரையே அவர் தருவித்துக் குடித்திருந்தார். செப்டெம்பர் 7 இல் ஸ்னோ சான்றுகளை முன்வைத்தார். மறுநாள் பம்பியின் கைபிடி அகற்றப்பட்டது.

மாணவர்கள் கவனிக்க: கைபிடியை அகற்றியதால் மட்டுமே நோய் நின்றது என விடையெழுதுதல் தவறு. மக்கள் பலர் ஊரைவிட்டு வெளியேறியமையால் நோய் முன்னரே தணியத் தொடங்கியிருந்தது. ஸ்னோவின் உண்மையான சேவை, கிருமியைக் காணாமலே கணக்கெடுப்பின் மூலம் காரணத்தை நிறுவியமையாகும். கிணற்றுக்கு அருகிலிருந்த வீடொன்றின் மலக்குழி கசிந்திருந்தமை பின்னர் வெளிப்பட்டது.

தமது கருத்து முழுமையாக ஏற்கப்படுவதைக் காணாமலே 1858 ஜூன் 16 இல், 45 ஆவது வயதில் ஸ்னோ காலமானார். 1884 இல் றொபேட் கொக் வாந்திபேதிப் பற்றீரியாவை அடையாளங் காட்டினார். 1908 இல் ஐக்கிய அமெரிக்காவின் ஜேர்சி நகரக் குடிநீருக்குத் தொடர்ச்சியாகக் குளோரீன் சேர்க்கப்பட்டது. பிற நகரங்களும் இம்முறையைப் பின்பற்றின. குளோரீன் நுண்ணங்கிகளின் கலங்களை ஒட்சியேற்றி அழிக்கிறது. நீரில் எஞ்சும் சிறிதளவு குளோரீன், குழாய்வழியே செல்லும்போது மீண்டும் மாசடைவதிலிருந்தும் பாதுகாப்பளிக்கிறது.

நினைவிற் கொள்க: தெளிவான, சுவையான நீர் யாவும் தூய நீரன்று. புறோட் வீதி நீரை மக்கள் விரும்பிக் குடித்தமைக்குக் காரணம் அதன் நற்சுவையே.