காஞ்சியை ஆண்ட காமெடி ரைட்டர்... யார் இந்த மகேந்திரவர்மன்?

காஞ்சிபுரம்னா பட்டுப்புடவையும் கோயிலும்தான் சட்டுன்னு நினைவுக்கு வரும். ஆனால், சுமார் 1,400 வருஷத்துக்கு முன்னாடி இதே ஊர்த் தெருவில் நடக்கிற மாதிரி ஒரு காமெடி நாடகம் எழுதப்பட்டது. எழுதியவர் அந்த ஊரையே ஆண்ட ராஜா, முதலாம் மகேந்திரவர்ம பல்லவன்.

சிம்மவிஷ்ணுவின் மகனான இவர், 7-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆட்சி செய்தவர். மண்டகப்பட்டில் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பாறையைக் குடைந்து கோயில் எடுத்தவர். விசித்திரசித்தன், சித்திரகாரப்புலி என ஏகப்பட்ட பட்டப்பெயர்கள். அதில் ஒன்று, மத்தவிலாசன்.

நாய் தூக்கிட்டுப் போன மண்டையோடு

அந்தப் பட்டப்பெயரையே தலைப்பில் வைத்து அவர் எழுதிய சம்ஸ்கிருத நாடகம்தான் 'மத்தவிலாச பிரகசனம்'. சத்தியசோமன் என்ற காபாலிகத் துறவியும் அவன் ஜோடி தேவசோமாவும் ஃபுல் போதையில் காஞ்சியைச் சுற்றுகிறார்கள். பிச்சைப் பாத்திரமாக வைத்திருந்த மண்டையோடு காணாமல் போகிறது. அதில் வறுத்த இறைச்சி வேறு இருந்தது. எடுத்தது நாயா, பௌத்த பிட்சுவா?

அந்த வழியாக வந்த நாகசேனர் என்ற பிட்சு மாட்டிக்கொள்கிறார். கோர்ட்டுக்குப் போகலாம் என்றால், பணக்கார மடம் லஞ்சம் கொடுத்து ஜெயித்துவிடும் என்கிறாள் தேவசோமா. தன் ஊர் நீதிமன்றத்தையே ராஜா இப்படிக் கலாய்க்கிறார்! கடைசியில் பைத்தியக்காரன் ஒருவன், நாயிடமிருந்து பிடுங்கிய மண்டையோட்டோடு வந்து நிற்கிறான். காபாலிகன் மன்னிப்புக் கேட்க, எல்லோரும் சமாதானமாகப் பிரிகிறார்கள்.

உடல் மாறிய உயிர்கள்

'பகவதஜ்ஜுகம்' இன்னும் ஜாலி. காதலன் ராமிலகனுக்காகத் தோட்டத்தில் காத்திருக்கிறாள் வசந்தசேனை. எமதூதன் ஆள் மாறி அவள் உயிரை எடுத்துவிடுகிறான். அங்கிருந்த துறவி, சீடனுக்கு யோகசக்தியைக் காட்ட அவள் உடலுக்குள் புகுகிறார். தப்பைச் சரிசெய்யத் திரும்பிவந்த எமதூதன், வேறு வழியில்லாமல் அவள் உயிரைத் துறவியின் உடலில் வைக்கிறான். அப்புறம் என்ன... அவள் தத்துவம் பேச, சாமியார் காதலனைத் தேடுகிறார்!

இது போதாயனர் எழுதியது என்ற கருத்தும் உண்டு. ஆனால் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள மாமண்டூர்க் குகைக் கல்வெட்டு, இரண்டு நாடகங்களின் பெயரையும் சேர்த்தே சொல்கிறது.

சிரிப்பு ஏன் முக்கியம்?

அவர் ஆட்சி நிம்மதியானது இல்லை. சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியின் படை காஞ்சி மதில் வரை வந்தது. மதச்சண்டைகள் சூடாக இருந்த காலமும் அதுதான். சமணராக இருந்த மகேந்திரவர்மனை அப்பர் சைவத்துக்கு மாற்றினார் என்பது மரபு. ஆனாலும் நாடகத்தில் சைவருக்கும் விலக்கு இல்லை. குடிகாரனாக வருகிற காபாலிகன் சைவன்தான். பஞ்சாயத்துப் பண்ண வந்து சொதப்புகிற பாசுபதனும் சைவன்தான்.

கேரளத்துச் சாக்கியார்கள் இந்த நாடகத்தை மேடையில் காப்பாற்றி வந்தார்கள். 1917-ல் திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரி அதை அச்சிட்டார்.

அதிகாரம் கையில் இருந்தும், தன் கோர்ட்டையும் தன் சமயத்தாரையும் பார்த்து ஊரோடு சேர்ந்து சிரித்த ராஜா அவர். சொந்த ஊரைக் கலாய்க்கிற துணிச்சல் அப்போதே காஞ்சியில் இருந்திருக்கிறது.